நாற்பத்தொரு அட்டைகள்

குழு ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருந்தது. உயரத்தில் இருந்து பார்த்தால்தான் மனிதர்கள் திருந்துவது தெரியும் போலிருக்கிறது. 'சிறைக்கு மாற்று ஆலோசனைக் குழு' என்று கதவில் பித்தளைப் பலகை மாட்டி, அதைத் துடைக்க ஓர் ஆளையும் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்தில் அந்தக் குழு எத்தனை பேருக்கு மாற்று கண்டுபிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. பலகை மட்டும் பளபளவென்று இருந்தது.

மருந்துக்காரி படியேறித்தான் போனாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினாறு வருடமாக மருந்து கொடுக்கிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் மருந்துக்காரிதான், அவளுக்கும் அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. கீழ்த்தளத்தில் லிஃப்டு காலியாகத் திறந்து கிடந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் சலவைத் துணி மூட்டையோடு குடியிருப்பின் லிஃப்டில் ஏழாவது மாடிக்குக் கிளம்பினான். மேலே போய்ச் சேருவதற்குள் கம்பி வடம் அறுந்தது. வடம் அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த அடியில் இரும்புக் கவ்வி ஒன்று உண்டு. அது துருப்பிடித்து அசையாமல் இருந்தது. கவ்வி நன்றாக வேலை செய்கிறது என்று சோதனை அட்டையில் கையெழுத்து விழுந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்ட லிஃப்டுக்காரனுக்கு ஐந்து வருடம் சிறை கொடுத்தார்கள். அத்தோடு எல்லோரும் நியாயம் கிடைத்துவிட்டதென்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நாலாவது மாடித் திருப்பத்தில் அந்த லிஃப்டுக்காரனையே பார்த்துவிட்டாள். கையில் விலங்கோடு ஒதுங்கி நின்றான். பக்கத்தில் காவலர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி இரைத்துக்கொண்டிருந்தார்.

"போங்கம்மா, நீங்க முன்னாடி போங்க" என்றார் காவலர். "லிஃப்டு இருக்கு, ரெண்டு காலும் நல்லா இருக்கு, ஏற மாட்டேங்கிறான் இவன். இவன் பண்ண தப்புக்கு நான் தண்டனை அனுபவிக்கிறேன்."

லிஃப்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல நாடகம் என்று நினைத்தாள் மருந்துக்காரி. குழுவுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால் பரிதாபம் கிடைக்கும் என்று உள்ளே யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவளிடம் பரிதாபம் இருப்பில் இல்லை. எதிர்ப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பதவி அவரை விட்டாலும் அவர் நாற்காலியை விடுவதாக இல்லை. அடுத்தவர் நன்னடத்தை அதிகாரி, தொட்டில் குழந்தையிடம் பேசுவதுபோல எல்லோரிடமும் பேசும் பெண்மணி. மூன்றாமவர் ஏதோ கல்லூரிப் பேராசிரியர். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"இது பழிவாங்குற இடம் இல்லம்மா" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "இது காயம் ஆத்துற இடம்."

"காயம் ஆத்த எங்க ஆஸ்பத்திரியில மூணு வகை களிம்பு இருக்கு. இங்க என்ன இருக்கு?"

அதிகாரி சிரித்துச் சமாளித்து ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'மன்னிக்கிறேன்', இன்னொன்றில் 'எதிர்க்கிறேன்'. ஒரு மனுஷி இரண்டு வருடத்தில் என்னென்ன நினைத்திருப்பாளோ அத்தனையையும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் திணித்துவிட வேண்டும். மன்னித்தால் மிச்சமுள்ள மூன்று வருடத்தை அவன் வெளியே கழிப்பான். பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான்.

"உள்ள இப்ப என்ன வேலை செய்யறாரு?"

"கோப்பு அட்டை ஒட்டறாரு" என்றார் அதிகாரி, ஏதோ பெரிய சாதனையைச் சொல்வதுபோல. "இதோ, இந்தக் கோப்புகூட அங்க ஒட்டினதுதான்."

லிஃப்டு பழுது பார்க்கத் தெரிந்தவனை உள்ளே வைத்தால் அட்டை ஒட்டச் சொல்வார்கள், வெளியே விட்டால் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க மூன்று பேர், ஒரு பித்தளைப் பலகை. மருந்துக்காரிக்குத் தலை வலித்தது.

லிஃப்டுக்காரன் மன்னிப்பு வாசகத்தை ஒப்பித்தான். யாரோ எழுதிக் கொடுத்தது. 'தங்களின் ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு' என்ற இடத்தில் திக்கி, மறுபடி முதலில் இருந்து தொடங்கினான். தலைவர் பொறுமை இழந்து கோப்பைப் புரட்டினார்.

"மன்னிப்பெல்லாம் சரி. நடத்தை அறிக்கை மோசமா இருக்கே. மூணு தடவை உத்தரவை மீறியிருக்கான். மூணு தடவையும் ஒரே குத்தம். இங்க கூட்டிட்டு வரும்போது லிஃப்டுல ஏற மறுத்திருக்கான்."

மருந்துக்காரி அவனைப் பார்த்தாள். நாடகம் என்றால் அது இவ்வளவு நட்டத்துக்கு ஆடுகிற நாடகமாக இருக்காதே என்று அப்போதுதான் தோன்றியது. நீதிமன்றத்தில் பதினோரு நாள் எதிரெதிரே உட்கார்ந்தும் அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏன் ஏற மாட்டேங்கிற?"

அவன் காவலரைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"இதுவும் என் அட்டைங்க."

"அப்படின்னா?"

"இந்த லிஃப்டும் என் கணக்குலதான் இருந்துச்சு. மொத்தம் நாப்பத்திரண்டு லிஃப்டு, ஒரு ஆளு. மாசா மாசம் ஒவ்வொண்ணையும் பாக்கணும். ஒண்ணுக்கு ஒரு நாளாவது ஆகும். மேற்பார்வையாளர், அட்டை காலியா இருக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்வாரு. மாசக் கடைசியில டீக்கடையில உக்காந்து எல்லா அட்டையும் மொத்தமா போட்டுருவேன். நீலப் பேனா ஒண்ணு, கறுப்புப் பேனா ஒண்ணு. மாத்தி மாத்திப் போட்டா வேற வேற நாள்ல போட்ட மாதிரி இருக்கும். விழுந்தது ஒண்ணு. மிச்சம் நாப்பத்தொண்ணையும் நான் கண்ணால பாத்து மூணு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"இதை ஏன்யா கோர்ட்டுல சொல்லல?" என்றார் தலைவர்.

"கம்பெனி வச்சுக் கொடுத்த வக்கீல், விழுந்ததுக்கு மட்டும் ஒத்துக்கோ, மத்ததுக்கு வாயைத் திறந்தா நாப்பத்தொரு கேஸ் வரும்னாரு. யாரும் கேக்கவும் இல்லைங்க. அந்த ஒரு அட்டையைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க."

உண்மைதான். பதினோரு நாள் விசாரணையில் அந்த ஒரே அட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"அதுல எங்க ஆஸ்பத்திரி இருக்கா?"

"ரெண்டும் இருக்குங்க. ஆளுங்க போறதும், ஸ்ட்ரெச்சர் போறதும்."

மருந்தகக் கண்ணாடிக்கு நேர் எதிரேதான் அந்த ஸ்ட்ரெச்சர் லிஃப்டு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவள் கண் முன்னாலேயே திறந்து மூடும். பிரசவத்துக்கு வந்தவள், கால் ஒடிந்தவன், அறுவைக்குப் போகிற சிறுவன், எல்லோரையும் அதுதான் விழுங்கி மேலே கொண்டுபோகும்.

"இவரை வெளிய விடுங்க" என்றாள். "செடிக்கு வேண்டாம். அந்த நாப்பத்தொண்ணையும் பாக்கட்டும்."

"அதுக்குச் சட்டத்துல இடம் இல்லம்மா" என்றார் தலைவர். "தவிர, எல்லா லிஃப்டுக்கும் அட்டை இருக்கு. ஒரு கைதி சொல்றதை வச்சு முடிவெடுக்க முடியாது. நீங்க மன்னிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் எதுவும் எழுதாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். எட்டு நாள் தள்ளி வைத்தார்கள்.

வெளியே வந்த தலைவர் வழக்கம்போல லிஃப்டுப் பக்கம் நடந்தார். பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே மாட்டியிருந்த அட்டையை மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். லிஃப்டுக்காரனுக்குப் பின் வந்த ஆளின் கையெழுத்தும் வரிசையாக நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. அவசரமாக ஏதோ ஞாபகம் வந்தவர்போலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, படியில் இறங்க ஆரம்பித்தார். அதிகாரியும் பேராசிரியரும் பின்னாலேயே போனார்கள். கைதி சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றவர்கள் மூன்று நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மருந்துக்காரி ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் போனாள். அவர் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கையெழுத்து இருக்கு பாருங்க. போன மாசம்தான் போட்டிருக்காங்க. ஜெயில்ல இருக்கிறவன் பேச்சைக் கேட்டுட்டு லிஃப்டை நிறுத்தினா நோயாளிங்களைத் தூக்கிட்டு நீங்க ஓடுவீங்களா?"

கம்பெனிக்குப் போன் போட்டாள். எல்லா அட்டைகளும் ஒழுங்காக இருக்கின்றன என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

நாலாவது நாள் கம்பெனியில் இருந்து புது லிஃப்டுக்காரனே வந்தான். அவள் மாத்திரை கொடுப்பதை விட்டுவிட்டு அவனையே கவனித்தாள். அவன் பையைத் தோளில் இருந்து இறக்கவில்லை. லிஃப்டின் கதவு இரண்டு தடவை திறந்து மூடுவதைப் பார்த்தான். அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம் நகர்ந்திருந்தது.

"தம்பி, உங்களுக்கு முன்னாடி இங்க வந்துட்டிருந்தவர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாம என்னக்கா, ஜெயில்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதனாலதான் நான் கையெழுத்தைப் புரியற மாதிரி போடுறதே இல்ல."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். மண்புழு நெளிந்ததுபோல ஒரு கிறுக்கல். ஒருவனைப் பிடித்து ஐந்து வருடம் உள்ளே போட்டதில் ஊருக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை உயர மதில், அத்தனை காவல், மூன்று வேளை மணி.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். இறந்தவனின் தங்கை, அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா? அவனை வெளிய விடச் சொல்றீங்க? எங்க அண்ணனைக் கொன்னவன் அங்கயே கிடந்து அழுகட்டும்."

"அவன் அழுகுறதால எனக்கு என்ன வரப்போகுது?"

"மனசு ஆறும்."

"ரெண்டு வருஷமா அழுகிட்டுத்தான் இருக்கான். உனக்கு ஆறிடுச்சா?"

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மருந்துக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் அவனைப் பாத்தா பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா எந்த லிஃப்டு அடுத்து விழும்னு ஊர்லயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனை அட்டை ஒட்ட வச்சிருக்கானுங்க."

எட்டாம் நாள் மறுபடி ஐந்து மாடி. கீழே லிஃப்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு, 'பராமரிப்புப் பணி' என்று காகிதம் ஒட்டியிருந்தது. பணி செய்ய ஒருத்தனையும் காணோம். மேலே தலைவர் வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார். வலது முட்டியில் கட்டு. எட்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"உங்க கோரிக்கையைக் குழு அனுதாபத்தோட பரிசீலிச்சுதும்மா" என்றார் அதிகாரி. "சட்டத்துல ஒரு வழி இருக்கு. பொதுநலச் சேவைங்கிற பிரிவுல, காவலரோட மேற்பார்வையில, இவர் நாப்பத்தொரு லிஃப்டையும் சரிபாக்கலாம். இவர் சொன்னதை வச்சுப் புது வழக்கு போடுறதில்லைன்னும் எழுதியாச்சு. உத்தரவு தயார். உங்க சம்மதக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஒரு மனிதன் செத்தபோது சட்டத்தில் இல்லாத இடம், இன்னொரு மனிதனின் முட்டி வீங்கியதும் கிடைத்துவிட்டது. மருந்துக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உத்தரவைக் கையில் வாங்கினாள். தலைவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அவள் படிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. கடைசிப் பக்கத்துல போட்டா போதும்" என்றார் தலைவர்.

"படிச்சுப் பாக்காம கையெழுத்து போட்டுத்தானே இந்தாளு உள்ள இருக்கான்?"

அதற்குமேல் யாரும் அவசரப்படுத்தவில்லை. சீட்டைப் படிக்காமல் ஒரு மாத்திரை கொடுத்தவள் இல்லை அவள். மூன்றாம் பக்கத்தில் பட்டியல் இருந்தது. ஒரு லிஃப்டுக்கு இரண்டு நாள் வீதம், முதலில் இந்தக் கட்டடம். இரண்டாவது உயர் அதிகாரிகள் குடியிருப்பு. மூன்றாவது அதிகாரிகள் பொழுதுபோக்கு மன்றம். நாலாவது லிஃப்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகம். விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி முப்பதாவதும் முப்பத்தொன்றாவதுமாக இருந்தது. அவள் குடியிருப்பின் பக்கத்து முதியோர் இல்லம் கடைசி.

"இந்த வரிசை யார் போட்டது?"

"முக்கியத்துவத்தைப் பொறுத்து" என்றார் அதிகாரி மெல்ல.

மருந்துக்காரி தலைவரின் பேனாவாலேயே எண்களை அடித்து மாற்றினாள். ஆஸ்பத்திரி ஒன்று, இரண்டு. முதியோர் இல்லம் மூன்று. பள்ளிக்கூடம் நாலு. குடியிருப்புகள் அதற்குப் பின். மன்றம் முப்பத்தொன்பது. கம்பெனி நாற்பது. இந்தக் கட்டடம் நாற்பத்தொன்று.

தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "என்னம்மா இது? அப்ப மூணு மாசம் நான் படியேறணுமா?"

"நான் ரெண்டு வருஷமா ஏறுறேன். ஏழு மாடி. உங்களுக்கு அஞ்சுதான்."

"இது குழுவோட அதிகாரத்துல தலையிடுறது."

"சரிங்க. அப்ப என் கையெழுத்து வேண்டாம்." அவள் எழுந்தாள்.

பேராசிரியர் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டார். எந்த இடத்தில் விழித்தோம் என்று தெரியாமலேயே, "நியாயம்தானே" என்றார். இரண்டு கூட்டத்திலும் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். தலைவர் அவரை முறைத்தார், முட்டியைத் தடவினார், பட்டியலின் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

இரண்டு கட்டங்கள் உள்ள படிவம் இன்னும் மேசைமேல் கிடந்தது. மருந்துக்காரி இரண்டையும் தொடவில்லை. கீழே வெற்றிடத்தில், 'மன்னிக்கவில்லை. வேலை வாங்குங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு லிஃப்டுக்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஸ்ட்ரெச்சர் லிஃப்டின் பெட்டியைத் தரைத்தளத்துக்கு மேலே அரை ஆள் உயரத்தில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, தரைத்தளக் கதவைத் திறந்தான். மருந்தகத்துக்கு நேர் எதிரே ஆழமான ஒரு பள்ளம் தெரிந்தது. காவலர் விலங்கைக் கழற்றினார். அவன் இரும்பு ஏணியில் இறங்கினான். மருந்துக்காரி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள். அட்டையில் சாட்சிக் கையெழுத்து அவளுடையது. பார்க்காத ஒன்றுக்கு அவள் சாட்சி சொல்ல மாட்டாள்.

அவன் விளக்கை மேலே காட்டினான். பெட்டியின் அடியில், தண்டவாளத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் துண்டு. துருவேறிச் சிவந்து இறுகியிருந்தது. அவன் ஸ்பானரால் நெம்பினான். அது மயிரிழைகூட நகரவில்லை.

"இதுதானா?" என்றாள்.

"இதுதாங்க."

"எங்க வீட்டு லிஃப்டுலயும் இதேதானா?"

"இதேதாங்க."

இவ்வளவு சின்னது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மனதுக்குள் அதை ஒரு பெரிய யந்திரமாக, யாராலும் எதுவும் செய்ய முடியாத ஒன்றாக வளர்த்து வைத்திருந்தாள்.

"இந்தத் துருவை எடுத்து எண்ணெய் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"கேக்கிறேன்ல?"

"முக்கா மணி நேரம்" என்றான்.

ஸ்பானர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை எடுத்து அவன் மண்டையைப் பிளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் மறைக்கவும் இல்லை. அவன் அதைப் பார்த்துவிட்டு, நகராமல் அப்படியே நின்றான். அவள் ஸ்பானரை எடுத்தாள். அவன் கையில் கொடுத்தாள்.

"ஆரம்பி."

அவன் வேலை செய்தான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துருத் தூள் இரண்டு பேர் முகத்திலும் கொட்டியது. கடைசியில் அவன் ஒரு கம்பியை இழுக்க, கவ்வி சடக்கென்று பாய்ந்து தண்டவாளத்தைக் கடித்தது. விடுவித்து மறுபடி இழுத்தான். மறுபடி கடித்தது. எதிர்ப்பக்கத்துக் கவ்வியையும் அதேபோலச் செய்தான். அது கடிக்கிற சத்தத்தைக் கேட்டபோதுதான் மருந்துக்காரிக்கு அழுகை வந்தது. இரண்டு வருடமாகக் குழுவிலும் கோர்ட்டிலும் வராத அழுகை அந்த எண்ணெய்க் குழிக்குள் வந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையை நீட்டினாள். அவன் பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டான். கைதிச் சட்டையில் பை ஏது? அவள் தன் பேனாவைக் கொடுத்தாள்.

"ஒரு பேனா போதும்ல?"

அவன் குனிந்து, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி தன் முழுப் பெயரை எழுதினான். பக்கத்தில் அவள் போட்டாள். ஏணியில் கால் வைத்தவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"அதைக் கேக்காத" என்றாள். "இன்னும் நாப்பது இருக்கு."